டீச்சரிடம் கேளுங்கள்: சூயஸ் கண்ணில் படுமா?

கேள்வி: எங்கள் பங்கிலிருந்து எகிப்து, சீனாய் மலை வழியாக எருசலேம் போகிறோம். பயணத்தாளில் 'சூயஸ் கால்வாய்' என்றும் போட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்கும்? நல்ல கெமரா கொண்டுபோகவா, டீச்சர்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, எங்களுக்கும் அப்படித்தான் போட்டுத் தந்தார்கள். கெய்ரோவில் ஏறியதிலிருந்து யன்னலோரம் இடம் பிடித்து, இரண்டு மணித்தியாலம் வெறும் மணலையே பார்த்துக்கொண்டு போனேன். பஸ் திடீரென்று ஒரு சுரங்கத்துக்குள் இறங்கியது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சிங்கமலைச் சுரங்கத்தில் ரயில் நுழைந்த மாதிரி "கூ..." என்று ஒரே கூச்சல். வெளியே வந்ததும் வழிகாட்டி, "சூயஸைத் தாண்டிவிட்டோம்" என்றார். கப்பல் போகும் கால்வாய்க்கு அடியால் போயிருக்கிறோம்! 1973 போரில் இறந்த எகிப்தியப் பொறியியலாளர் அஹமட் ஹம்டியின் பெயர்தான் அந்தச் சுரங்கத்துக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்தவர். 1967 போரில் மூடிய கால்வாய் எட்டு வருடம் திறக்கவில்லை. "சூயஸ பூட்டிட்டாங்களாம், நம்ம பெட்டியெல்லாம் ஆபிரிக்காவ சுத்திப் போகுதாம்" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்வார். சூயஸ் என்றால் டவுனில் ஒரு கடை என்று நினைத்திருந்தேன். 1869இல் அது திறக்கும்வரை எல்லாக் கப்பலுக்கும் அந்தச் சுற்றுத்தான். 193 கிலோமீட்டர் நீளம். பனாமாவில் போலக் கப்பலைத் தூக்கி இறக்கும் வேலை இல்லை. கடலிலிருந்து நேரே கடலுக்கு.

ஆகவே இப்போதே உங்கள் குழுத் தலைவரைப் பிடித்து, இஸ்மாயிலியா பக்கம் போக முடியுமா என்று கேளுங்கள். கால்வாய் அந்த நகரத்தை ஒட்டித்தான் போகிறது. தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர் தெரியாதாம். கப்பல் மணலில் ஊர்ந்து போவது போல இருக்குமாம். எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதுவும் சரிவராவிட்டால், சுரங்கம் தாண்டி மோசேயின் ஊற்றுகள் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். முறைக்குக் காத்து நின்ற கப்பல்களை அந்தப் பக்கத்தில்தான் நான் தூரத்தில் கண்டேன்.

கெமராவை சுரங்கத்துக்கும் இராணுவச் சோதனைச் சாவடிக்கும் காட்டவேண்டாம். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் போனில் எடுத்து, சிப்பாய் பஸ்ஸில் ஏறி அழிக்க வைத்தார். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று: சீனாய் மலை 2285 மீற்றர், ஏற்றுவது நடுச்சாமத்தில். பண்டாரவளைக் குளிரைக் கண்டவள் என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.