36 பந்தயங்களின் உழைப்பும் கடைசி 3 சுற்றுகளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மேலூர் வாசகர்): எங்கள் வட்டாரத்தில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களைத் தவறாமல் பார்ப்பவன் நான். சில ஆண்டுகளாக அமெரிக்காவின் நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயங்களையும் கைப்பேசியில் பார்த்து வருகிறேன். 2025ஆம் ஆண்டுப் பட்டம் கைல் லார்சனுக்குப் போனபோது ரசிகர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? அவர் விதிப்படிதானே வென்றார், ஐயா?

பதில்: விதிப்படிதான் வென்றார். ரசிகர்களில் பெரும்பாலோர் லார்சனைக் குறை சொல்லவில்லை. அந்த விதியைத்தான் குறை சொன்னார்கள். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் களத்தில் நவம்பர் 2 அன்று என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் அவர்களுடைய மனம் நமக்கும் விளங்கும்.

2014 முதல் இருந்த முறைப்படி, ஆண்டின் இறுதிக் கட்டத்தில் ஓட்டுநர்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, மிஞ்சும் நால்வரில் கடைசிப் பந்தயத்தை யார் முன்னதாக முடிக்கிறாரோ அவருக்கே ஆண்டுப் பட்டம் போய்ச் சேரும். அன்றைய நால்வரில் ஒருவர் டென்னி ஹாம்லின். அதுவரை 60 பந்தயங்களை வென்றவர். அவற்றில் டேடோனா 500 என்னும் பெரும் பந்தயத்தை 3 முறை வென்றவர். ஆனாலும் 44 வயது வரை ஆண்டுப் பட்டம் கைகூடாதவர். 312 சுற்றுகளாக வகுக்கப்பட்ட அந்தப் பந்தயத்தில் 208 சுற்றுகளை அவரே முன்னணியில் ஓட்டினார். இன்னும் 3 சுற்றுகளே மிச்சம் என்ற நிலையில், அதே நால்வரில் ஒருவரான வில்லியம் பைரனின் டயர் பழுதாகிக் கார் சுவரில் மோத, எல்லாரும் வேகத்தைக் குறைத்து ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும் என்பதற்கான மஞ்சள் கொடி காட்டப்பட்டது. முன்னணியில் இருந்தவர்கள் டயர் மாற்றும் இடமான பிட் பாதைக்குள் வந்தார்கள். ஹாம்லினின் அணி 4 டயர்களையும் மாற்றியது; லார்சனின் அணி 2 டயர்களை மட்டும் மாற்றி அவரைச் சீக்கிரம் வெளியே அனுப்பியது. மீண்டும் பச்சைக் கொடி விழுந்தபோது லார்சன் ஹாம்லினுக்குப் பல இடங்கள் முன்னால் இருந்தார். புதிய டயர்களின் பிடிப்பைப் பயன்படுத்தி முன்னேற ஹாம்லினுக்கு எஞ்சிய சுற்றுகள் போதவில்லை. லார்சன் 3ஆவதாகவும் ஹாம்லின் 6ஆவதாகவும் முடித்தார்கள். பந்தயத்தை வென்ற ரயன் பிளேனியோ பட்டத்துக்கான நால்வரிலேயே இல்லை. அன்று ஒரு சுற்றில்கூட முன்னணியில் ஓடாத லார்சன் பட்டம் பெற்றார்.

உங்கள் ஊரில் பெரிய மாட்டுப் பிரிவில் போய்வரும் தூரம் முழுவதும் முன்னால் வந்த வண்டியை, எல்லைக்கொடி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகளை அதனருகே கொண்டுவந்து மறுபடியும் விட்டால், சாலையோரக் கூட்டம் அதைப் பொறுத்துக்கொள்ளுமா என்று எண்ணிப் பாருங்கள். மஞ்சள் கொடியைத் தவிர்க்க முடியாது. களத்தில் சிதறல்கள் கிடக்கும்போது கார்களை வேகமாக ஓடவிடுவது உயிரோடு விளையாடுவதாகும். ஆனால் பருவம் முழுவதற்குமான 36 பந்தயங்களின் கணக்கை அப்படிப்பட்ட ஒரு தற்செயலின் கையில் கொடுத்துவிடும் விதி தவிர்க்கக் கூடியதே. ரசிகர்கள் கேட்டது அதைத்தான். அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம் என்பதே என் கருத்து.

இந்த மனக்குறை ஒரே நாளில் மூண்டதும் அன்று. 2024இல் ஜோயி லொகானோ ஒரு கட்டத்தில் வெளியேறியவராகவே கருதப்பட்டார். பந்தயம் முடிந்தபின் நடந்த சோதனையில் அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவாக இருந்ததால் போமன் தகுதியிழக்க, லொகானோ மீண்டும் உள்ளே வந்து, அடுத்த வாரமே லாஸ் வேகாஸில் வென்று, இறுதியில் பட்டத்தையும் பெற்றார். அவர் திறமையானவர், அது அவருடைய 3ஆவது பட்டம். ஆயினும் ஆண்டு முழுவதும் சீராக ஓடியவர்களை விட்டுவிட்டு, சரியான வாரத்தில் வென்றவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இது என்ற எண்ணம் அப்போதே வலுத்துவிட்டது.


கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் அந்தக் குரல் மேலிடத்துக்குக் கேட்டதா?

பதில்: கேட்டது. 2026 ஜனவரியில் நாஸ்கார் அந்த முறையைக் கைவிட்டது. இனி முதல் 26 பந்தயங்களின் புள்ளிகளைக் கொண்டு 16 ஓட்டுநர்கள் தேர்வாவார்கள். கடைசி 10 பந்தயங்களின் முடிவில் அவர்களில் அதிகப் புள்ளிகள் வைத்திருப்பவருக்கே பட்டம். இடையில் யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். ஒரு வெற்றி பெற்றாலே இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்துவிடலாம் என்ற சலுகையும் போயிற்று. அதற்கு ஈடாக, வெற்றிக்கான புள்ளி 40இலிருந்து 55ஆக உயர்ந்திருக்கிறது.

இங்கே பழைய வரலாறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று, சீரான ஓட்டத்தால் ஆண்டுப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் 8 பந்தயங்களை வென்ற ரயன் நியூமனுக்குப் பட்டம் இல்லை. வெற்றிக்கு மதிப்பில்லையா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அடுத்த ஆண்டே, 2004இல், சேஸ் என்ற பெயரில் கடைசி 10 பந்தயங்களைத் தனியாகப் பிரிக்கும் முறை வந்தது. அதே பெயரும் ஏறக்குறைய அதே வடிவமும்தான் இப்போது திரும்பியிருக்கின்றன. ஆகவே ரசிகர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வெற்றியும் எண்ணப்பட வேண்டும், ஆண்டு முழுவதும் பட்ட பாடும் எண்ணப்பட வேண்டும் என்ற ஒரே கோரிக்கையைத்தான் அன்றும் இன்றும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். 36 பந்தயங்களின் புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டிப் பட்டம் தர வேண்டும் என்று வாதிடுவோரும் குறைவில்லை. 5 முறை 2ஆம் இடத்தோடு நின்றுபோன மூத்த ஓட்டுநர் மார்க் மார்ட்டின் அவர்களில் முதன்மையானவர். எனக்கும் அந்த முறையே பிடித்தமானது என்றாலும், இப்போதைய மாற்றம் சரியான திசையில் வைத்த அடி என்று மனமார வரவேற்கிறேன்.


கேள்வி (திருமங்கலம் கல்லூரி மாணவர்): இடப்பக்கமே திரும்பித் திரும்பி வட்டமடிக்கும் கார்களை நான்கு மணி நேரம் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஃபார்முலா 1 அளவுக்கு இதில் நுட்பம் உண்டா?

பதில்: உண்டு, தம்பி. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. ஸ்டாக் கார் பந்தயம் கடையில் விற்ற காரையே களத்தில் ஓட்டுவதாகத் தொடங்கியது. 1948இல் நாஸ்கார் அமைப்பு உருவானபோது அதுவே அதன் அடையாளம். இன்று ஓடுபவை பந்தயத்துக்கென்றே குழாய்ச் சட்டகத்தில் கட்டப்பட்ட கார்கள். வெளித்தோற்றம் மட்டும் ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா கார்களை ஒத்திருக்கும். திறக்கும் கதவு கிடையாது. ஓட்டுநர் சன்னல் வழியாகவே உள்ளே நுழைய வேண்டும்.

களங்களும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. மார்ட்டின்ஸ்வில் களத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 850 மீட்டர்தான். அங்கே பிரேக்கைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. டாலடேகா களத்தின் சுற்று 4 கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் வளைவுகள் 33 பாகை சாய்ந்தவை. அங்கே ஒரு காரின் பின்னால் மற்றொரு கார் ஒட்டி ஓடும்போது காற்றின் தடை குறைந்து, தனியாக ஓடுவதைவிட இரண்டுமே வேகமாகச் செல்கின்றன. ஆகவே எதிரியின் துணையில்லாமல் அங்கே எவரும் முன்னேற முடியாது; யாரை நம்பிப் பின்னால் செல்வது, எந்தச் சுற்றில் அவரை விட்டு விலகுவது என்பதே அங்கே ஓட்டுநரின் கலை. வேகம் குறைந்த காரை வைத்துக்கொண்டு இந்த உத்தியைப் பயன்படுத்தி 1960இல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர் ஜூனியர் ஜான்சன்.

இன்னொன்றும் உண்டு. களத்துக்குப் போகும் ரசிகர்கள் ஓட்டுநருக்கும் அணிக்கும் இடையே நடக்கும் வானொலி உரையாடலை ஸ்கேனர் கருவியில் கேட்கலாம். அரங்கின் கூரைமேல் நின்று வழிசொல்லும் ஸ்பாட்டரின் குரல் வரை எல்லாம் காதில் விழும். 2024 நவம்பரில் மார்ட்டின்ஸ்வில்லில் சிலர், தாங்கள் ஓட்டிய அதே நிறுவனத்தின் கார்களை ஓட்டிய வேறு ஓட்டுநர்கள் முன்னேறுவதற்காக வேண்டுமென்றே மெதுவாக ஓடியபோது, அந்த உரையாடல்களைக் கேட்ட ரசிகர்கள் உடனே கேள்வி எழுப்பினார்கள். பிறகு 3 அணிகள் மீது அபராதமும் தடையும் விதிக்கப்பட்டன. இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் கூட்டத்தை வேறு விளையாட்டில் காண்பது அரிது. ஒரு பந்தயத்தை அந்த உரையாடலோடு சேர்த்துப் பாருங்கள். வட்டமடிப்பது என்ற எண்ணம் உங்களைவிட்டுப் போய்விடும்.


கேள்வி (மதுரை செல்லூர் வாசகி): என் மகன் இந்தப் பந்தயக் காட்சிகளை விரும்பிப் பார்க்கிறான். கார்கள் மோதிச் சிதறுவதைக் காணத்தான் கூட்டம் சேர்கிறதோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அச்சம் இயல்பானது, அம்மா. மோதலைக் கண்டு கூச்சலிடுவோர் இருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி உயிரிழந்தபோது அந்த ரசிகர் கூட்டம் அழுதது. 7 ஆண்டுப் பட்டங்களை வென்றவர் அவர். அந்த மரணத்துக்குப் பிறகு தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அதே ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது; மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் களங்களில் எழுந்தன. அதன்பின் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் இறக்கவில்லை.

அதற்காக ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. 2022இல் வந்த புதிய தலைமுறைக் காரின் பின்பகுதி மிகவும் விறைப்பாக இருந்ததால் மோதலின் அதிர்ச்சி ஓட்டுநரின் உடலுக்குள் இறங்குகிறது என்று ஓட்டுநர்களே முறையிட்டார்கள். அந்த ஆண்டு போகோனோ களத்தில் மோதி மூளை அதிர்ச்சிக்கு ஆளான கர்ட் புஷ்ஷின் முழுநேரப் பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பிறகு அந்தக் காரின் பின்பகுதி திருத்தப்பட்டது. உங்கள் மகனோடு அமர்ந்து பார்க்கும்போது இவற்றையும் அவனுக்குச் சொல்லுங்கள்.


கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): 2022இல் ஒருவர் சுவரில் உரசிக்கொண்டே காரை ஓட்டி எல்லாரையும் முந்திய காட்சி உலகெங்கும் பரவியது. ரசிகர்கள் கொண்டாடிய அதை ஏன் தடை செய்தார்கள்?

பதில்: மார்ட்டின்ஸ்வில்லில் கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் செய்தது அது. காரைச் சுவரோடு சாய்த்து, வேகத்தைக் குறைக்காமல் வளைவைக் கடந்து, 5 கார்களை முந்தி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அந்த ஒரு முறை அது துணிச்சல். ஒவ்வொரு வாரமும் 10 பேர் அதைச் செய்தால் வேலிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மக்களுக்கே ஆபத்து. அடுத்த ஆண்டு வந்த தடை சரியே.


கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): இந்தப் பந்தயத்தில் தமிழர் எவரேனும் ஓட்டியதுண்டா?

பதில்: உண்டு. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010இல் பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். அதில் பங்கேற்ற முதல் இந்தியர் அவரே. மார்ட்டின்ஸ்வில்லில் தன் முதல் பந்தயத்தை 13ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டின் இறுதியில் அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராக ரசிகர்களின் வாக்குகள் அவரையே தேர்ந்தெடுத்தன. அமெரிக்காவின் பழைய ஓட்டுநர்கள் நிறைந்த தொடரில், சில பந்தயங்களே ஓட்டிய ஒரு தமிழருக்கு அந்த விருது கிடைத்ததில் நம் நாட்டு ரசிகர்களின் பங்கு பெரிது. கார் பந்தயத்தை நேரில் காண விரும்பினால் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் செல்லுங்கள். திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகக் காலையில் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடலாம். போட்டி நாட்களை முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நல்லது.