மொனிட்டர் மங்குகிறது: ஆயுள் முடிந்ததா, இன்னும் ஓடுமா?

கொட்டாஞ்சேனையில் அழைப்பிதழ் அச்சிடும் சிறிய கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "22 அங்குல எல்.ஈ.டி. மொனிட்டர், வாங்கிப் பத்து வருடம். முன்பு பிரைட்னஸ் 100இல் வைத்தால் கண் கூசும். இப்போது அதே 100இல் மங்கலாக இருக்கிறது, வெள்ளையும் மஞ்சளடிக்கிறது. போன மாதம் ஒரு பூப்புனித நீராட்டு விழா கார்ட் திரையில் நன்றாகத் தெரிந்தது, அச்சில் வெளிறிப்போய் வந்தது. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஓடும், ஞாயிறு மட்டும் லீவு. பெக்லைட் முடிந்துவிட்டதா? மாற்றுவதா, புதிது வாங்குவதா?"

அந்தக் கார்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நட்டம் வருவது அங்கேதான். திரை மங்கினால் நம் கை தானாகவே நிறங்களைக் கூட்டி வெளிச்சமாக்கிவிடும். திரையில் சரியாகத் தெரியும்வரை கூட்டுவோம். தாளுக்குப் போகும்போது அது அளவுக்கு மீறிய வெளிச்சம். அச்சு மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். மஞ்சளடிக்கும் திரையிலும் இதே கதைதான்: மஞ்சளைச் சமன்செய்ய நாம் நீலத்தைச் சேர்ப்போம், கார்ட் நீலம் பாய்ந்து வரும்.

மொனிட்டரில் படம் காட்டும் திரவப் படிகம் தானாக ஒளிராது. அது யன்னலுக்குப் போட்ட திரைச்சீலை மாதிரி. வெளிச்சம் முழுவதும் பின்னாலிருந்து வருகிறது. அதுதான் பெக்லைட். கறுப்புப் படம் போட்டிருந்தாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு ஸ்கிறீன்சேவர் போட்டால் மொனிட்டர் மிச்சமாகும் என்று நம்பி எத்தனையோ பேர் இரவு முழுக்க விட்டுப் போகிறார்கள். சாதாரண மொனிட்டரில் அதனால் ஒரு மணித்தியாலம்கூட மிச்சமில்லை. விளக்கு அணைய வேண்டுமென்றால் மொனிட்டர் ஸ்லீப்புக்குப் போக வேண்டும், அல்லது சுவிட்சை அணைக்க வேண்டும்.

இப்போது ஆயுள் கணக்கு. மொனிட்டர் பெக்லைட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 30,000 முதல் 50,000 மணித்தியாலம். இதைப் பலர் "அத்தனை மணி முடிந்ததும் அணைந்துபோகும்" என்று விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. புதிதில் இருந்த வெளிச்சம் பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் காலம் அது. அதற்குப் பிறகும் விளக்கு எரியும், இன்னும் மங்கிக்கொண்டே போகும். உங்கள் கடையில் நாளுக்கு 11 மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள்: வருடத்துக்கு ஏறக்குறைய 3,400. பத்து வருடத்தில் 34,000. அதாவது உங்கள் மொனிட்டர் பாதி வெளிச்சத்துக்குக் கிட்ட வந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. இரவு பகலாக ஓடும் சி.சி.ரி.வி. மொனிட்டர் என்றால் இந்த நிலைக்கு வர ஏறக்குறைய நான்கு வருடம் போதும்.

இவ்வளவு இறங்கியும் உங்கள் கண்ணுக்கு இப்போதுதான் பட்டதில் வியப்பில்லை. வெளிச்சம் பாதியானால் கண்ணுக்கு முக்கால்வாசி இருப்பது போலத்தான் தெரியும். அதுவும் நாளுக்குக் கொஞ்சமாக இறங்கும்போது கண் பழகிவிடும்.

ஏன் இறங்குகிறது? நான் பம்பலப்பிட்டியில் மேசை போட்டு மொனிட்டர் திருத்தத் தொடங்கிய காலத்தில் உள்ளே இருந்தது பேனா ரீஃபில் பருமனில் ஒரு ரியூப். பெரிய ரியூப் லைட்டின் குட்டித்தம்பி. பழையதைக் கழற்றினால் இரண்டு நுனியும் புகை பிடித்த மாதிரிக் கறுத்திருக்கும், உள்ளே இருக்கும் பாதரசம் குறைந்திருக்கும், காலையில் போட்டவுடன் திரை இளஞ்சிவப்பாக வரும். இன்றும் யாரிடமாவது அந்த வகை இருந்தால் வீட்டில் திறக்க வேண்டாம்: அந்த ரியூபை எரிக்கப் பல நூறு வோல்ட் போகிறது, உடைந்தால் பாதரசம் வெளியே வரும்.

எல்.ஈ.டி. என்று பெயர் போட்டு வந்தவற்றில் வேறு கதை. வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல எல்.ஈ.டி. அதன்மேல் மஞ்சள் ஒளிர்பூச்சு ஒன்று இருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஓடும்போது அந்தச் சின்னச் சிப் சூடாகிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் சிப்பும் தளர்கிறது, பூச்சும் தளர்கிறது, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கும் சிலிக்கோனும் பழுப்பேறுகின்றன. பழுப்பு நீலத்தைத்தான் முதலில் விழுங்கும், அதனால் மிஞ்சும் வெளிச்சம் மஞ்சளடிக்கிறது. உங்கள் திரையில் நீங்கள் பார்ப்பது இதுவாகத்தான் இருக்கும். இப்படி மங்கிய ஒன்றைத் திறந்து, பின்னால் இருந்து வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பும் அக்ரிலிக் தகட்டை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்.ஈ.டி.கள் வரிசையாக இருக்கும் பட்டி தொட்டுக்கொண்டிருந்த கீழ் விளிம்பு மட்டும் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. இரண்டு அங்குலம் மேலே போனால் கண்ணாடி மாதிரித் தெளிவு.

சூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த 30,000 கணக்கு வழக்கமாக 25 பாகை அறைக்குச் சொல்லப்படுவது. கொழும்பில் பகலில் வெளியே 30, 31. ஏ.சி. இல்லாத கடைக்குள், சுவரோடு ஒட்டவைத்து, பக்கத்தில் பிரின்டரும் ஓடினால் மொனிட்டரின் முதுகு தொட முடியாத சூடு. அதோடு பிரைட்னஸ் 100 என்றால் எல்.ஈ.டி. முழு மின்னோட்டத்தையும் எடுக்கிறது. மின்னோட்டம் கூடினால் சூடு, சூடு கூடினால் முதுமை. நான் கண்ட அளவில், 40இல் வைத்துப் பாவித்தவர்களின் மொனிட்டர்கள் 100இல் பாவித்தவர்களுடையதைவிட வெகுகாலம் நல்ல நிலையில் இருக்கின்றன.

ஆனால் முதுமை என்று முடிவுகட்ட முன் இரண்டு விடயம் பாருங்கள். முதுமை மெல்ல வரும். ஒரே நாளில் மங்கியிருந்தால் அது செட்டிங்காக இருக்கலாம். மொனிட்டர் மெனுவில் ஈகோ, பவர் சேவிங், டைனமிக் கொன்ட்ராஸ்ட் என்பவற்றை அணைத்துப் பாருங்கள். அடுத்தது, போட்டதும் இரண்டு செக்கன் படம் வந்து இருண்டுபோவது. இருண்ட திரையில் டோர்ச்சைச் சாய்த்து அடியுங்கள். படம் நிழல் மாதிரித் தெரிந்தால் பனல், அதாவது படம் காட்டும் பாகம், நன்றாக இருக்கிறது, விளக்கோ அதற்கு மின் கொடுக்கும் பலகையோ பழுது. அந்தப் பலகையில் உப்பிய கெப்பாசிட்டரை மாற்றிச் சில நூறு ரூபாயில் எழும்பிய மொனிட்டர்கள் ஏராளம். அதைத் தூக்கி எறிவது பாவம்.

உங்களுடையது அந்த வகையில்லை. எல்.ஈ.டி. பட்டியை மட்டும் மாற்றலாம், ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழுத்த தகடு அப்படியே இருக்கும், புதுப் பட்டியின் வெள்ளை வேறு சாயலில் வரும், பனலைப் பிரிக்கும்போது தூசி ஒன்று உள்ளே போனால் அது நிரந்தரப் புள்ளி. பில் எழுதும் மேசைக்கு இதெல்லாம் பரவாயில்லை. நிறம் பார்த்துக் காசு வாங்கும் உங்களுக்குச் சரிவராது. மெனுவில் கொன்ட்ராஸ்டையும், நடுத்தர நிறங்களின் வெளிச்சத்தை மாற்றும் காமாவையும் ஏற்றிச் சமாளிக்கவும் வேண்டாம். அவை விளக்கைத் தொடுவதில்லை, வெளிர் நிறங்களின் வேறுபாட்டைத்தான் அழிக்கும்.

ஆகவே டிசைனுக்குப் புதிது வாங்குங்கள், ஐ.பி.எஸ். பனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) உள்ளதாக. பழையதைக் கணக்கு மேசைக்கு மாற்றுங்கள், அங்கே இன்னும் பல வருடம் ஓடும். புதியதை வாசல் வெயில் படாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில் பிடித்த அச்சுத்தாளின் வெள்ளையோடு ஒத்துவரும்வரை பிரைட்னஸை இறக்குங்கள். பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடையில் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள், எல்.ஈ.டி.க்கு அணைத்துப் போடுவதால் கெடுதல் இல்லை. முதல் நாள் இரவே கடை விளக்குகளை அணைத்து, போனில் வெளிச்சம் அளக்கும் ஒரு அப்பை இறக்கி, பிரைட்னஸை 100இல் வைத்து, வெள்ளைத்திரையின் நடுவில் போனை ஒட்டிப்பிடித்து வரும் எண்ணைத் திகதியோடு எழுதி மொனிட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே போனால், அதே மாதிரி அளங்கள். அந்த எண் முக்கால்வாசிக்கு இறங்கும் நாளில் டிசைன் மேசையிலிருந்து அதை எடுத்துவிடலாம்.