கார் பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசு முழுசாகக் கிடைக்க என்ன வழி?

காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் அதிகம் கிடைக்குமா, 500 ரூபாய்க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற மாட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வீடு ராமநாதபுரத்தில். வடக்கே தொண்டி, தென்மேற்கே சாயல்குடி, கிழக்கே ராமேஸ்வரம் என்று மாதம் 1,800 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பெட்ரோல் கார், 2013 மாடல். கம்பெனி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் தரும். மைலேஜ் குறைந்தால் அது என் வீட்டுக் காசு. அதனால் இந்தக் கணக்கை விடாமல் எழுதி வருகிறேன்.

முதலில் உங்கள் இரண்டு கேள்விகள். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 30 லிட்டர் போட்டால் வித்தியாசம் 30 மில்லி. அதுவும் பெட்ரோல் பங்க்கில் அது இருப்பது மண்ணுக்கு அடியில். மேலே மதிய வெயில் கொளுத்தினாலும் கீழே ஒரு நாளுக்குள் சூடு பெரிதாக மாறாது. இதற்காக விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டாம். 510 ரூபாயும் அப்படித்தான். மீட்டர் சரியாக இருந்தால் எந்தத் தொகைக்கும் அளவு சரி, தவறாக இருந்தால் எந்தத் தொகைக்கும் தவறு.

எனக்கும் ஒருமுறை பங்க் மேல் சந்தேகம் வந்தது. போன வருடம் ஆனி மாதம், லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த கார் 14.5க்கு இறங்கிவிட்டது. வழக்கமாகப் போடும் பங்கில் ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கேட்டேன். இதைக் கேட்பது நம் உரிமை. முத்திரை போட்ட குடுவை ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும், கேட்டால் நம் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும். அந்தத் தம்பி கொஞ்சம் தயங்கினார், மேனேஜர் வந்து எடுத்துக் கொடுத்தார். அளந்தால் 15 மில்லி குறைவு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி. ஆகவே பங்க் சரி. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதி அனுமதிக்கும் முழு அளவுக்கு எல்லாத் தடவையும் குறைத்தே ஊற்றினாலும் மாதத்துக்கு எனக்குப் போவது 56 ரூபாய். மைலேஜ் 16லிருந்து 14.5க்கு இறங்கியதால் போனதோ கிட்டத்தட்ட 1,160 ரூபாய். இவ்வளவு நாளும் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இறங்கியதும் நாலு வீலையும் கையால் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் இடது வீல் மட்டும் கை வைக்க முடியாத சூடு. "தனுஷ்கோடி போயிட்டு வந்து ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தி வச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம், இரண்டு நாள். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் ரோட்டில் இருபக்கமும் கடல். காற்றில் உப்பும் மணலும் வந்து படியும். கழுவாமல் விட்டால் பிரேக் டிரம்முக்குள் துரு பிடித்து லைனிங் முழுசாக விலகாது. பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டுவது மாதிரிதான். கழற்றிச் சுத்தம் செய்ததும் பாதி சரியாயிற்று. இப்போதெல்லாம் தனுஷ்கோடி, மண்டபம் பக்கம் போய் வந்தால் அன்றே அடிப்பாகத்துக்கும் வீலுக்கும் நல்ல தண்ணீர் அடித்துவிடுகிறேன். வீட்டில் சமதளத்தில் கியரில் நிறுத்துகிறேன், ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது வீலைத் தொட்டுப் பாருங்கள், ஜாக்கிரதையாக. வெளியூர்க்காரர் யாரும் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

மீதிப் பாதி டயரும் எதிர்க்காற்றும். 33 இருக்க வேண்டிய டயரில் 26தான் இருந்தது. பங்கில் காற்று இலவசம், சூடேறுவதற்கு முன் பிடிக்க வேண்டும். அப்புறம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. ஆனி, ஆடியில் கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்குப் போனால் ரோடு தென்மேற்கே போகிறது, காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். 80ல் போனவன் எதிர்க்காற்றில் 60க்கு இறங்கினேன். அந்த ட்ரிப்பின் மைலேஜே மாறிவிட்டது. பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறுவதால் சாயல்குடி வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். காலையில் கிளம்புவதில் லாபம் உண்டென்றால் அது இந்தக் காற்றில்தான், பெட்ரோல் குளிர்ச்சியில் இல்லை.

20 சதவீத எத்தனால் கலப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. என் கார் மாதிரிப் பழைய வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. இதற்குப் பங்க்காரரைக் கோபித்துப் பயனில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரை ஈரத்தில் வண்டியைக் காலி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பங்கில் நான் கவனிப்பது கொஞ்சம்தான். வண்டியை விட்டு இறங்கி நிற்பேன். ஒரு பங்கில் ஒருவர் கார்டா பணமா என்று பேச்சுக் கொடுக்க, மற்றவர் முன் வண்டிக்குப் போட்ட 200லிருந்தே ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஜீரோவைப் பார்க்காமல் நாசிலை உள்ளே விடவே சம்மதிப்பதில்லை. தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்வேன், ரவுண்டு பண்ண விடமாட்டேன். கலப்படச் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், தரவேண்டும். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். விலை கூடின பிரீமியம் பெட்ரோல், காரின் கையேட்டில் கேட்காதவரை தேவையில்லை. விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மதுரை போகிற வேலை இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்காகவே போகாதீர்கள்.

இது எல்லாவற்றுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் வரை ஃபுல் டேங்க். தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த ஃபுல் டேங்கில், இடையில் ஓடிய கிலோமீட்டரை அப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். பக்கத்தில் டயர் காற்று, எந்த ரூட் என்பதையும் குறித்து வையுங்கள். முதல் இரண்டு கணக்கு முன்பின் இருக்கும், அதை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். எனக்கு நாலாவது ஃபுல் டேங்கிலிருந்துதான் எண் நிலைத்தது.