ரூட் கேனல் செய்த பல்லில் மறுபடியும் சீழ்: பிடுங்குவதா, திரும்பச் செய்வதா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 47. மேல்வரிசையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வருடம் முன்பு ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள். இப்போது கடித்தால் வலி. ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கொஞ்ச நாள் அடங்குகிறது. ஒரு டாக்டர் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ரீ-ஆர்.சி.டி., அதாவது ரூட் கேனலைத் திரும்பச் செய்யலாம் என்கிறார். நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பைத்தான். வேரைச் சுற்றி எலும்போடு பிணைக்கும் மெல்லிய தசைநார் உயிரோடுதான் இருக்கிறது. வேர் நுனியில் சீழ் சேர்ந்தால் கடிக்கும்போது அதுதான் வலிக்கிறது. கொப்புளம் அந்தச் சீழ் வெளியேறும் வாசல். ஊசியால் குத்த வேண்டாம், உள்ளே சரியானால் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

மாத்திரையை நம்பி இன்னும் நாளைக் கடத்தாதீர்கள். வேருக்குள் இப்போது இரத்த ஓட்டம் கிடையாது. மருந்து அங்கே போய்ச் சேராது. கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமமானாலோ கதை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு டாக்டர்களில் யார் சரி என்பது, முதல் சிகிச்சை ஏன் தோற்றது என்பதைப் பொறுத்தது. அதை இருவரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேளுங்கள்.

உங்கள் பல்லில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது விடுபட்ட கால்வாய், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்களில் ஒன்றைச் சுத்தம் செய்யாமல் விட்டது. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று. ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு கால்வாய்கள் உண்டு. இரண்டாவது மிகக் குறுகலானது, சாதாரண எக்ஸ்-ரேயில் முன்னதன் பின்னால் மறைந்துவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி அங்கேயே தங்கி, சில மாதமோ சில வருடமோ கழித்துத் தலைகாட்டும். அடுத்த சந்தேகம் கேப்பின் விளிம்பில் கசிவு, அடியில் புதுச் சொத்தை. இந்த இரண்டில் ஒன்று காரணம் என்றால் திரும்பச் செய்வதே சரி. பொதுவாக நான்கில் மூன்று பல்லாவது பிழைத்துக்கொள்கிறது.

வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தால் மட்டும் யார் செய்தாலும் பயனில்லை, பிடுங்கத்தான் வேண்டும். ஈறைச் சுற்றி அளக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருவி ஆழமாக இறங்கினால் விரிசலைச் சந்தேகிக்கலாம். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் விடுபட்ட கால்வாயை நன்றாகக் காட்டும். மெல்லிய விரிசலை அதுகூடத் தவறவிடலாம். பழைய அடைப்பும் உலோகமும் படத்தில் கோடு கோடாக நிழல் விழச் செய்யும். அதனால் சில சமயம் கேப்பை எடுத்து, சாயம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும். “திறந்து பார்ப்போம், விரிசல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம், அதற்கு எவ்வளவு?” என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் போனால் பாதியில் சங்கடம்.

ரீ-ஆர்.சி.டி.யில் பழைய ரப்பர் போன்ற குட்டா பெர்ச்சா அடைப்பைச் சுரண்டி எடுத்து, விட்டுப்போன கால்வாயைத் தேடி, ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை ஒன்றிரண்டு வாரம் உள்ளே வைத்து, அப்புறம் அடைப்பார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டுவார்களா என்று கேளுங்கள். எச்சில் உள்ளே போகாமல் தடுக்கும் அந்தத் துண்டு ரப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். எண்டோடான்டிக்ஸில் (பல்வேர் சிகிச்சையில்) எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரிடம், மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்தில் செய்துகொள்வது நல்லது. முடிந்ததும் புதுக் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கசிவு மறுபடி அங்கேதான் தொடங்கும்.

கேப்பைத் தாங்க வேருக்குள் வைத்த உலோகக் கம்பி (போஸ்ட்) இறுக்கமாக இருந்து, எடுத்தால் வேர் உடையும் என்றால், ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கும் சிறு அறுவை சிகிச்சையும் உண்டு.

இம்ப்ளான்ட் மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. பல்லை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிடுங்கியதைத் திரும்ப வைக்க முடியாது. மேல் கடைவாயில் சைனஸ் அறை பக்கத்திலேயே இருப்பதால், எலும்பு போதாமல் எலும்பு ஒட்டும் வேலையும் சேரலாம்.

ரீ-ஆர்.சி.டி. முடிந்தபின் கொப்புளம் சில வாரங்களில் மறைய வேண்டும். எக்ஸ்-ரேயில் வேர் நுனிக் கறுப்பு (எலும்பு கரைந்த இடம்) அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் படமெடுத்து ஒப்பிட வேண்டும். சுருங்கிக்கொண்டே வந்தால் போதும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஆறுவது தாமதமாகும். மூன்று வருடத்துக்கு முந்தைய எக்ஸ்-ரேயைப் பழைய கிளினிக்கில் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்போதே இருந்த கறுப்பு பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்பது அதில்தான் தெரியும்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாது என்றால், செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. இரண்டிலும் கூட்டம் இருக்கும், பல தடவை வரச் சொல்வார்கள். காலையிலேயே போய், பழைய படங்களோடு எண்டோடான்டிக்ஸ் பிரிவைக் கேளுங்கள்.