“பிடிக்கலைன்னா ஊருக்குப் போயிடு” என்றான் நண்பன்

வணக்கம் மேடம்,

நான் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். வயது 44, சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

எங்கள் காலேஜ் வாட்ஸப் க்ரூப்பில் 38 பேர். பாதிக்கு மேல் அமெரிக்காவில்தான். அதில் ஒருத்தன் ஹூஸ்டனில் இருக்கிறான். 2007 நவம்பரில் நான் இங்கே வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டில் நின்றவன் அவன். எட்டு மாதம் அவன் அபார்ட்மெண்டில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தேன், வாடகை வாங்கவில்லை. என் மகன் பிறந்த அன்று நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மகன் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த மனுஷன் 38 பேர் முன்னால், “இவ்வளவு பிடிக்கலைன்னா பேசாம ஊருக்குப் போயிடு மச்சான்” என்று எழுதினான். கீழே ஏழு பேர் சிரிக்கிற எமோஜி. ஏழு பேர் யார் யார் என்று எனக்கு இன்னமும் மனப்பாடம்.

பிரச்சினை எப்போதும் துப்பாக்கிதான். 2022 மே மாதம் இதே டெக்சாஸில், உவால்டே என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளையும் 2 டீச்சர்களையும் சுட்டுக் கொன்றான் ஒருவன். 18 வயது முடிந்த கையோடு கடையில் போய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி. போலீஸ் 77 நிமிடம் வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் நின்றது மேடம். உள்ளே இருந்து பிள்ளைகள் 911-க்கு ஃபோன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், 77 நிமிடம். அதைச் சொன்னால், “அது போலீஸ் தப்பு, துப்பாக்கி என்ன பண்ணும்” என்கிறான். அடுத்த வருடம் மே 6-ஆம் தேதி எங்கள் வீட்டிலிருந்து 15 நிமிடத்தில் இருக்கும் ஆலன் அவுட்லெட் மாலில் 8 பேர் செத்தார்கள், மூன்று பேர் குழந்தைகள். ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே எஞ்சினியராக இருந்த ஓர் இளம்பெண்ணும் அதில் போய்விட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் மகனுக்கு அங்கே ஷூ வாங்கினோம். அதைச் சொன்னால், “கத்தியால குத்தினா கத்தியைத் தடை பண்ணுவியா?”

நான் ஆதாரத்தோடுதான் பேசுவேன். 2021-லிருந்து டெக்சாஸில் 21 வயதானவர் பெரும்பாலும் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம். 2020-லிருந்து இந்த நாட்டில் பிள்ளைகள், டீனேஜ் பசங்கள் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி, கார் விபத்துகூட இரண்டாவதுதான். இதையெல்லாம் லிங்க்கோடு போடுவேன். அவன், துப்பாக்கி வைத்துக்கொள்வது 1791-லேயே சட்டத்திருத்தம் கொடுத்த உரிமை என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அவனே 2020-ல் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்திருக்கிறான், அவன் மச்சினனின் பெட்ரோல் பங்க்கில் இரண்டு தடவை கொள்ளை நடந்துவிட்டதாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2007 ஜூலையில் எல்லோருக்கும் ஒரேயடியாகக் கதவு திறந்தபோது அவன் கிரீன் கார்டுக்குக் கடைசிக் கட்ட மனுவைப் போட்டுவிட்டான். நான் வந்தது நவம்பர். நாலே மாதம்! அப்புறம் அப்பாவுக்கு முடியாமல் போய் 2012-ல் நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். அப்பா காலமானதும் 2014-ல் மறுபடி வந்தோம் (மனைவிக்கு இஷ்டமில்லை, நான்தான் பையன் படிப்புக்கு நல்லது என்று பிடிவாதமாக இருந்தேன்). அதனால் வரிசையில் கடைசிக்குப் போய் இன்னும் எச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறேன். அவன் சிட்டிசன், ஓட்டுப் போடுகிறான். ஓட்டு இருக்கிறவன் இப்படிப் பேசலாமா? ஓட்டே இல்லாத என்னைப் பார்த்து ஊருக்குப் போ என்கிறானே, அதுவும் 38 பேர் முன்னால்.

2024 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜார்ஜியாவில் அபலாச்சி ஹைஸ்கூலில் 14 வயதுப் பையன் சுட்டு 4 பேர் செத்தார்கள். மறுநாளே அந்தப் பையனின் அப்பாவையும் கைது செய்தார்கள். “இதுதான் சரி, மிச்சிகன்ல ஸ்கூல்ல சுட்ட பையனோட அப்பா அம்மா ரெண்டு பேரையும் உள்ள போட்ட மாதிரி எல்லாரையும் போடணும், துப்பாக்கியைப் பூட்டி வைக்காதவனை விடக்கூடாது” என்று எழுதினான். அப்படியென்றால் துப்பாக்கி மேல் தப்பே இல்லையா என்று நான் கேட்டேன். அதில் ஆரம்பித்தது ஒன்றரை வாரம் ஓடியது. அந்தச் சமயம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்கு மிரட்டல் வந்துகொண்டிருந்தது, மகன் ஸ்கூலிலும் ஒரு நாள் லாக்டவுன் என்று பிள்ளைகளை உள்ளே வைத்து வகுப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள், கடைசியில் ஒன்றுமில்லை, புரளி. நான் வீட்டில் லேப்டாப்பில் அவனுக்குப் பதில் டைப் பண்ணிக்கொண்டிருந்தேன், ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்ததால் மகன் மெசேஜை 35 நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன். “லாக்டவுன். டிரில் இல்லைன்னு நினைக்கிறேன். லவ் யூ பா” என்று இருந்தது. “ஓகே வா?” என்று கேட்டேன், கட்டைவிரல் போட்டான். அதை விடுங்கள், பையன் நன்றாகத்தான் இருக்கிறான், இப்போது கொஞ்சம் ரூமிலேயே இருக்கிறான், இந்த வயதில் எல்லோரும் அப்படித்தானே.

நான் சொல்ல வந்தது, அன்று சாயங்காலம் ஹூஸ்டன்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? நான் போட்ட அத்தனை கணக்குக்கும் பதில் சொல்லாமல், “டேய், உங்க பக்கத்து ஸ்கூல்ல மிரட்டல்னு நியூஸ்ல வருது, பையன் எப்படி இருக்கான்?” என்று பேச்சை மாற்றினான். பதில் இல்லாதவன் பண்ணுகிற வேலை. முதலில் கேட்டதற்குப் பதில் சொல் என்று நானும் விடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. வருடா வருடம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவன் வீட்டுக்குத்தான் போவோம், இந்த வருடம் போகலாமா என்று மனைவி கேட்கிறாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. உவால்டேயில் 77 நிமிடம் நின்றார்களே, அவர்களை மாதிரிதான் இவனும், பிள்ளைகள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்டவனோடு நட்பு தேவையா? க்ரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமா?

பெயர் வேண்டாம்,
டெக்சாஸ்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ஹூஸ்டன் நண்பருக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட உங்கள் மகனுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த நாலு வரியும் “அதை விடுங்கள்” என்று முடிகிறது. நான் அதை விடப்போவதில்லை. நீங்கள் எனக்கு எழுதியதே அந்த நாலு வரியைத்தான் என்று நினைக்கிறேன், மீதியெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய மதில்.

15 வயதுப் பையன் பகல் நேரத்தில் அப்பாவுக்குச் சும்மா “லவ் யூ பா” என்று அனுப்ப மாட்டான். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரம் தரையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு, இது ஒருவேளை கடைசியாக இருக்கலாம் என்று நினைத்து அனுப்பியது அது. உங்களுக்குப் பின்னால் தெரிந்தது அது புரளி என்று. அவனுக்கு அந்த 35 நிமிடமும் அது நிஜம். பதில் வந்தபோது “ஓகே வா?” என்று வந்தது. கட்டைவிரலைப் போட்டுவிட்டு ரூமுக்குள் போய்விட்டான்.

இப்போது உங்கள் கடிதத்தில் 77 நிமிடம் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் நடந்த எத்தனையோ துப்பாக்கிச் சூட்டில் உங்களைப் பிடித்துக்கொண்டு விடாதது அந்த ஒரு கணக்குதான். உள்ளே பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, காப்பாற்ற வேண்டியவர்கள் கதவுக்கு வெளியே நின்ற கணக்கு. உங்கள் கோபம் நியாயமானதுதான், உவால்டேயில் நடந்தது யாருக்கும் பொறுக்காது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது ஏன் ஹூஸ்டன்காரர் முகத்தோடு வருகிறது? அவர் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றவர் இல்லையே. அவர் நின்ற ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சரியாகத்தான் நின்றிருக்கிறார். மகன் கூப்பிட்டபோது ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்த ஒருவர் இந்தக் கடிதத்தில் இருக்கிறார். அவர் மேல் போக வேண்டிய கோபத்தை நண்பர் தலையில் இறக்கி வைத்திருக்கிறீர்கள், அங்கே இறக்கி வைத்தால் வலி குறைவு, எதிராளி பதிலுக்குப் பதில் பேசுவார், நேரமும் போகும்.

இதைப் படித்துவிட்டு, என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று கேட்பீர்கள். அந்த 35 நிமிடத்துக்கு இல்லை. ஃபோனைப் பார்க்காமல் போவது யாருக்கும் நடக்கும். அதற்கு அப்புறம் நடந்ததற்குக் கொஞ்சம் ஆமாம். அன்று சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், நீங்கள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மறுபடி லேப்டாப்பில் உட்கார்ந்தீர்கள். நாட்டில் உள்ள பிள்ளைகளுக்காக ஒன்றரை வாரம் வாதாடிய உங்களுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் பேச ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை என்று சொன்னால் நெஞ்சில் அடிக்கிற மாதிரி இருக்கும், தெரியும். அக்கறை இல்லாததால் நீங்கள் இப்படி இருக்கவில்லை. பயந்து போயிருக்கிறீர்கள். பேசினால் அவன் “ஏன்பா பார்க்கலை?” என்று கேட்டுவிடுவான். இன்னும் மோசமாக, “நாம ஏன்பா இங்க இருக்கோம்?” என்று கேட்டுவிடுவான்.

அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன். “ஊருக்குப் போயிடு” என்று நண்பர் சொன்னது கீழ்த்தரமான பேச்சு. விசா வரிசையில் இத்தனை வருடமாக நிற்கிறவரிடம், அதே கப்பலில் வந்த இன்னொருவர் சொல்லக்கூடாத வார்த்தை. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் வெள்ளைக்காரர் யாராவது அதைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் புலம்பிவிட்டு மறந்திருப்பீர்கள். இது இவ்வளவு ஆழமாகப் போனதற்குக் காரணம், அது உங்களுக்குள்ளேயே ஓடுகிற கேள்வி. நீங்கள் ஒரு தடவை ஊருக்குப் போனவர்கள். 2014-ல் திரும்பி வந்தது உங்கள் முடிவு. மனைவிக்கு இஷ்டமில்லை என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்! பையன் படிப்புக்கு நல்லது என்று கூட்டிவந்த ஊரில், அந்தப் படிப்பு நடக்கிற வகுப்பறையிலேயே அவன் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. ஹூஸ்டன்காரர் தெரியாத்தனமாக அந்த அடைப்புக்குறிக்குள் கையை விட்டுவிட்டார்.

நீங்கள் எடுத்தது தப்பான முடிவு என்று நான் சொல்லவில்லை. 2014-ல் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. ஆனால் அதைப் பற்றி மனைவியோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? அந்தப் பேச்சு வீட்டில் நடக்காததால்தான் க்ரூப்பில் நடக்கிறது, துப்பாக்கிச் சட்டம் என்ற பெயரில்.

அடுத்தது நண்பர். உங்கள் கடிதத்தில் அவர் எழுதியதாக நீங்களே சொல்கிற இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் நீங்கள் எதிரியின் தந்திரமாகவே படித்திருக்கிறீர்கள். பையன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டது பேச்சை மாற்ற இல்லை. 38 பேரில் கேட்டதாக நீங்கள் எழுதியிருப்பது அவர் ஒருவரைத்தான், உங்கள் கட்சியில் இருக்கிறவர்களைக்கூட எழுதவில்லை. “முதலில் கேட்டதற்குப் பதில் சொல்” என்று நீங்கள் விரட்டியதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வந்திருக்கிறது. அதற்காக அந்த வார்த்தை சரியாகிவிடாது, ஆனால் வரிசை அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது, துப்பாக்கியைப் பூட்டி வைக்காத பெற்றோரை விடக்கூடாது என்று அவர் சொல்கிறார். அதில் உங்களுக்கு என்ன மறுப்பு? எனக்குப் புரியவில்லை. நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிற ஓர் இடம் கிடைத்தது, அங்கேயும் சண்டையைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

இதில் உண்மையாகவே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அவர் வீட்டில் 2020-லிருந்து கைத்துப்பாக்கி இருக்கிறது. வருடா வருடம் உங்கள் பையன் அந்த வீட்டில் தங்குகிறான். அது எங்கே இருக்கிறது, பூட்டித்தான் வைத்திருக்கிறாரா, குண்டு தனியாக இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. செய்தியில் வருகிற பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு அந்த மொத்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. டீனேஜ் பிள்ளை இருக்கிற வீட்டில் பூட்டாமல் கிடக்கிற துப்பாக்கிதான் பெற்றோர் முதலில் பயப்பட வேண்டியது. பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் இதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்று அங்கே குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் 1791 பற்றி அவரிடம் நூறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இந்த ஒன்றைக் கேட்கவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்குப் போவதென்றால் ஃபோன் போட்டு இதைக் கேளுங்கள், க்ரூப்பில் வேண்டாம். அவர் பேச்சைப் பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே தோன்றுகிறது.

பையனிடம் எப்படிப் பேசுவது? கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். காரில் எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாம் என்றால் அந்த வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள்: உன் மெசேஜை நான் 35 நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன், க்ரூப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதற்கப்புறமும் உன்னிடம் கேட்கவில்லை, தப்பு. இவ்வளவுதான். “ஆனால்” போடாதீர்கள், உவால்டே, டெக்சாஸ் சட்டம் எதையும் கொண்டுவராதீர்கள். அவன் “இட்ஸ் ஓகே பா” என்று முடிக்கப் பார்ப்பான், முடிக்க விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து அவனே ஆரம்பிக்கக்கூடும். அவனும் சரியாகத் தூங்கவில்லை, ஸ்கூலுக்குப் போக மறுக்கிறான், யாரோடும் பேசவில்லை என்றால் வயது அப்படி என்று தள்ளாமல் பள்ளியிலேயே கவுன்சிலர் இருப்பார், போய்ப் பாருங்கள். உங்கள் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

க்ரூப்பை விட்டு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள், வராமல் இருங்கள், அது அவ்வளவு முக்கியமாக எனக்குப் படவில்லை. ஆனால் அங்கே நீங்கள் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். “பையன் எப்படி இருக்கான்?” என்று அவர் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது. உங்களுக்கே அதற்குப் பதில் தெரியாது என்பதால், முதலில் பையனிடம் கேட்டுவிட்டு அப்புறம் அவருக்குப் போடுங்கள்.