தூசியோடு ஏலத்துக்கு வரும் கார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1962-ஆம் வருட ஜாகுவார் இ-டைப் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பல வருடம் ஷெட்டில் கிடந்ததாம், ரீஸ்டோர் பண்ணவே இல்லை, பெயின்ட்கூட கம்பெனியில் அடித்ததுதான் என்கிறார்கள். ஓடாத காருக்கு ஏன் இவ்வளவு போட்டி? நானும் ஏலம் கேட்கலாமா?

பதில்: போட்டிக்குக் காரணம் எளிது. காரைப் பிரித்துப் புதுசாக்குவது எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கும், ஆனால் தொழிற்சாலையில் அடித்த பெயின்டையும் தைத்த சீட்டையும் ஒருமுறை உரித்துவிட்டால் போனது போனதுதான். 2015-இல் பாரிஸில் ஆர்ட்க்யூரியல் நடத்திய ஏலத்தில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961 ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் தூசியைக்கூடத் துடைக்காமல் மேடைக்கு வந்து, கமிஷனோடு சேர்த்து 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. (ஒருகாலத்தில் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்த கார் என்பதும் சேர்ந்துகொண்டது.)

அந்தக் கணக்கை உங்கள் இ-டைப்புக்குப் போடாதீர்கள். கலிஃபோர்னியா ஸ்பைடர் மொத்தமே நூறு சொச்சம், இ-டைப் எழுபதாயிரத்துக்கும் மேல். அதனால் 'ரீஸ்டோர் செய்யாதது' என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை, அந்த நிலையிலேயே காப்பாற்றி வைக்க முடிகிற காராக இருந்தால்தான் கொடுக்கலாம்.

அதைத் தெரிந்துகொள்ள, பளபளப்பை விட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுங்கள். இ-டைப்பில் நடுப்பகுதி பாடியே சேஸிஸ் (அடிச்சட்டம்) மாதிரி பாரம் தாங்குகிறது, முன்னால் இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டம் அதில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, தரைத் தகடு, அந்தக் குழாய்கள், மூன்றுமே உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரப்பர் ஓரங்களில் பெயின்ட் சிதறல் இருந்தால் பின்னால் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள், 'கம்பெனி பெயின்ட்' கதையும் முடிந்தது. தரை ஓட்டையாகியிருந்தால் எப்படியும் வெல்டிங், அப்புறம் பெயின்ட், கடைசியில் முழு ரீஸ்டோரேஷன்தான், எனவே ரீஸ்டோர் பண்ண வேண்டிய காருக்கு என்ன விலையோ அதற்கு மேல் கையைத் தூக்காதீர்கள்.

நம்பர்களையும் பாருங்கள். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி நான்குக்கும் தனித்தனி நம்பர் உண்டு. ஜாகுவாரின் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தருகிற ஹெரிடேஜ் சான்றிதழோடு ஒப்பிட்டால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும், முதலில் அடித்த நிறம் உட்பட. 1962 கார் என்றால் 3.8 லிட்டர் இன்ஜின்தான் இருக்க வேண்டும், 4.2 வந்தது 1964-இல்.

அப்புறம், ஏலம் முடிந்து சுத்தியல் விழும் விலையோடு, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கமிஷனும் சேரும், அதையும் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: வாங்கியதும் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: ஐயையோ, வேண்டாம். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். அடம்பிடித்தால் இன்னும் ஊறட்டும். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டேங்க், பைப், கார்புரேட்டர் எல்லாம் சுத்தமாக வேண்டும். பிரேக் ரப்பர்களை மாற்றாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நம்பாதீர்கள், வயதான ரப்பர் வேகத்தில் பிய்ந்துவிடும். கழற்றுகிற பழைய பாகம் ஒவ்வொன்றையும் பெயர்ச்சீட்டு கட்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள், அடுத்து வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுப்பார்.