பீச் ஹவுஸுக்குக் கட்டிய அட்வான்ஸ் திரும்ப வருமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: சனி, ஞாயிறு இரண்டு நாள் குடும்பத்தோடு கடற்கரையில் கழிப்பதற்காகக் கோவளத்தில் ஒரு பீச் ஹவுஸை 24,000 ரூபாய் வாடகைக்குப் பேசி, புரோக்கரின் எண்ணுக்குக் கூகுள் பே மூலம் வாடகையில் பாதியான 12,000 ரூபாயையும், தனியாக 10,000 ரூபாய் ‘அட்வான்ஸும்’ அனுப்பியிருக்கிறார். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், ஒன்பது நாள் முன்னதாகவே வரவில்லை என்று தெரிவித்துவிட்டார். அதன் பிறகுதான் ‘நோ ரீஃபண்ட்’ என்ற படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. 22,000 ரூபாயும் போய்விட்டதா என்பது அவருடைய கேள்வி.

போகவில்லை. ஆனால் அந்த 22,000 ரூபாயை ஒரே தொகையாக நினைப்பதை முதலில் விட வேண்டும். நம் ஊரில் அட்வான்ஸ் என்ற ஒரே சொல், வாடகையில் முன்கூட்டிக் கொடுப்பதையும் குறிக்கிறது, வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப வாங்குவதையும் குறிக்கிறது. புரோக்கர்களின் பிழைப்பு பாதி இந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது. நீங்கள் கொடுத்த 10,000 ரூபாய் பொருள்கள் சேதமானால் பிடித்துக்கொள்வதற்கான காப்புத்தொகை. அந்த வீட்டின் வாசற்படியையே நீங்கள் மிதிக்காதபோது எந்தக் கண்ணாடி உடைந்திருக்கும்? அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூட அவர் வைத்துக்கொள்ள முடியாது.

12,000 ரூபாய் முன்பணத்தின் கதை சற்று வேறு. ஒப்பந்தத்தை மீறியவர் நியாயமான இழப்பீடு தந்தால் போதும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. இழப்பே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய இயலாது என்று கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியிருக்கிறது. அதே சனிக்கிழமை, அதே புரோக்கரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், நீச்சல் குளத்தருகே தும்பிக்கை உடைந்த சிமெண்ட் யானையின் பக்கத்தில் வேறொரு குடும்பம் கேக் வெட்டிய படத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் வழக்கே அந்த யானைதான். வீடு மறுபடியும் வாடகைக்குப் போய்விட்டது என்றால், உங்கள் பணத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே இழப்பு எதுவும் இல்லை. பணம் வாங்கிய பிறகு அனுப்பிய நிபந்தனையும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். புரோக்கர் தம் கமிஷன் இவ்வளவு என்று பணம் வாங்குவதற்கு முன்பே தனியாகச் சொல்லி, வீட்டைக் காட்டி, உரிமையாளரோடு பேசி முடித்தும் கொடுத்திருந்தால், அவர் செய்த வேலைக்கான கூலி அது. நீங்கள் போகாததால் அந்தக் கூலி இல்லாமல் போய்விடாது. மாறாக, கமிஷன் என்ற பேச்சையே எடுக்காமல் வாடகையை வாங்கிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது மட்டும் ‘என் கமிஷன் கழித்து’ என்று ஆரம்பித்தால் அதை ஏற்கத் தேவையில்லை. முன்பே சொன்னாரா என்பதே அளவுகோல். ‘எல்லா இடத்திலும் வழக்கம்தானே மேடம்’ என்பது முன்பே சொன்னதாக ஆகாது.

இனி எங்கே போவது? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில புரோக்கர்கள் அதற்கே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவளம் செங்கல்பட்டு மாவட்டம் என்று அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த வராந்தாவில் டோக்கன் போல வாய்தாவை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, நோட்டீஸ் கிடைப்பதே. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) புரோக்கருக்குச் செல்போன் எண் உண்டு, இன்ஸ்டாகிராம் பக்கம் உண்டு, முகவரி மட்டும் கிடையாது. அனுப்பிய தபால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பி வரும், நமக்கு இன்னொரு தேதி கிடைக்கும். அதனால் புரோக்கரோடு வீட்டு உரிமையாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். அவருடைய பெயரும் முகவரியும் அந்த வீட்டின் வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நடை நேரில் போய்க் கேட்டு வருவது பத்து வாய்தாவை மிச்சப்படுத்தும். அங்கே போனபின் உரிமையாளருக்கு இந்தப் புரோக்கரையே தெரியாது என்று தெரிந்தால் அது மோசடி. நுகர்வோர் ஆணையத்துக்குக் காத்திராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், அந்த வீட்டின் ஈ.பி. ரசீதைக் கேளுங்கள், அதில் இருக்கும் பெயரும் உங்கள் பணம் போகும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால், உரிமையாளரிடம் நேராகப் பேசாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இப்போதைக்கு, பணம் தர முடியாது என்று புரோக்கர் எழுதிய செய்தியை அழிக்காமல் வைத்து, அதன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு என்ற கெடுவை அந்தத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.